ஆண்டு தெரியும், பிரிவு தெரியுமா?

பொள்ளாச்சியில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பொது அறிவு சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். பகலில் தேங்காய் நார் மில்லுக்குப் போய்விட்டு வருகிறவர்கள். தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு? “17.” வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எந்த ஆண்டு? “1989.” கைடுகளும் அதோடு நின்றுவிடுகின்றன.

ஒரு தம்பி கேட்டான்: “டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர் வெச்சாங்கன்னு புகார் குடுத்தா, போலீஸ் என்னங்ண்ணா பண்ணோணும்?”

அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. தன் கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

பொள்ளாச்சியில் பொறியியல் படித்த சங்கரை, சாதி மறுத்து மணந்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் நடுவீதியில் வெட்டிக் கொன்றார்கள். இந்த மண்ணில் இந்தச் சட்டம் ஒரு மதிப்பெண் கேள்வி மட்டும்தானா?

முதன்மை எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 45 பொது அறிவுக்கு. அதில் காவலரின் கடமையையும் கேளுங்கள். ‘வேலைக்குச் சேர்ந்தபின் பயிற்சியில் படிப்பார்கள்’ என்பீர்கள். தேர்வாகிறவர்கள் சில ஆயிரம் பேர், எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில். தோற்று ஊர் திரும்பும் பிள்ளைக்கும் அந்தப் பிரிவு தெரிந்திருக்கும். காவல் நிலையத்தில் புகாரோடு நிற்கப்போவது அவன்தான்.