சங்கப் பலகை: பத்தாமவர்

சங்கத்து வாயிலில் தொங்கும் கரும்பலகையை நம் அன்பர்கள் அனைவரும் அறிவர். வரும் திங்களில் நிகழவிருக்கும் வழிபாடு, வகுப்பு, கூட்டம் ஆகியவற்றை அதில் எழுதி வைப்பதும், அவற்றையே சற்று விரித்து இப்பக்கத்தில் வரைவதும் நமக்கு இடப்பட்ட பணி. சென்ற திங்கள் அப்பலகையில் நாம் எழுதிய வரியொன்றை நாமே அழிக்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று குழந்தைகளே வந்திருந்தனர். ஆசிரியை அரைமணி நேரம் வாயிலையே நோக்கியிருந்துவிட்டு, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டார்.

"வருவார் இல்லாத வகுப்புக்கு அறிவிப்பு எதற்கு?" என்று அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். சினந்து கேட்கவில்லை, வருந்தியே கேட்டார். அப்பொழுது நம்மிடம் விடை இல்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில், சில ஆண்டுகளுக்கு முன் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் நாம் கண்ட யூதர் தொழுகைக் கூடம் நினைவுக்கு வந்தது. பொன்னும் பளிங்கும் குறைவற இருந்தும், கூட வேண்டிய ஆட்கள் கூடாமையால் முறையான வழிபாடு நின்றுபோன இடம் அது. ஆகவே இத்திங்கள், நம் அறிவிப்புகளைக் கூறுமுன், அவர்கள் கதையைச் சிறிது கூற விரும்புகிறோம்.

யூத மக்களின் சபை எந்நாட்டில் இருப்பினும் அதன் அறிவிப்பு ஏறக்குறைய ஒரே தன்மையுடையதாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரம், சனிக்கிழமைக் காலை வழிபாடு, அவ்வாரத்தில் ஓதப்படும் மறைப் பகுதி, சிறுவர்க்கான எபிரேய வகுப்பு, அடுத்து வரும் பண்டிகைக்குரிய கூட்டம், இவ்வளவுதான். அவர்களுடைய ஓய்வு நாள் வெள்ளியன்று கதிரவன் மறையுமுன் தொடங்கி, சனியன்று இருள் சூழ்ந்தபின் முடிகிறது. ஆதலால் விளக்கேற்றும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். கொச்சியில் மார்கழி மாதத்துக் கதிரவன் ஆறு மணிக்கு மேல்தான் மறைகிறான்; நம் தீவிலோ ஐந்து மணியளவிலேயே விடைபெற்றுக்கொள்கிறான். யூத அன்பர் ஒருவர் இங்கே குடியேறினால், அலுவலகத்திலிருந்து வெள்ளிதோறும் ஓடோடி வரவேண்டியதுதான்!

மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களைத் தோரா என்பர். கையால் எழுதப்பட்ட தோல் சுருளிலிருந்து வாரம் ஒரு பகுதியாக ஓதி, ஓராண்டில் முழுவதையும் முடிப்பது வழக்கம். முடிக்கும் நாள் அவர்களுக்குப் பெருவிழா. சிம்ஹத் தோரா என்று பெயர். அன்று சுருள்களை ஏந்தி ஏழு முறை வலம் வருவர். இறுதிப் பகுதியை ஓதி முடித்தவுடன், அதே நாளில், முதற் பகுதியை மீண்டும் தொடங்கிவிடுவர்.

இவற்றுக்கெல்லாம் ஓர் எண் தேவை, அது பத்து. பழமை பேணும் சபைகளில் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடினாலன்றி, சுருளை எடுத்துப் பொதுவில் ஓதுதல் இல்லை. அப்பதின்மர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். செல்வர் எவ்வளவு பொருள் கொடுத்தாலும் இக்குறை தீராது. அறிஞர் ஒன்பதின்மர் கூடினாலும் தீராது. பத்தாமவராக எழுத்தறியாதவர் ஒருவர் வந்து நின்றால் தீர்ந்துவிடும். தந்தையை இழந்த மகன் அவர் நினைவாகச் சொல்லும் கத்தீஷ் என்னும் வழிபாட்டுக்கும் பதின்மர் வேண்டும். ஆதலின் பத்தாமவர் வராமற்போனால், ஒரு மகன் தன் கடமையைச் செய்யாமல் வீடு திரும்புகிறான். இதனை எண்ணிப் பார்க்கையில், அச்சபையின் அறிவிப்பு வெறும் செய்தியாகத் தோன்றவில்லை. 'உம்மைக் கணக்கில் வைத்திருக்கிறோம்' என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிய கடிதமாகவே தோன்றுகிறது.

இனிக் கொச்சிக்கு வருவோம். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அளித்த செப்பேடு இன்றும் உள்ளது. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழி நம் தமிழோடு மிக நெருங்கியது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையோடு, பகலில் விளக்கேந்திச் செல்லுதல், நடைபாவாடை, குடை, பறை முதலிய எழுபத்திரண்டு சிறப்புகளை அது வழங்குகிறது. அரசர்க்கும் பெருமக்களுக்கும் உரிய சிறப்புகள் இவை. பிற நாடுகள் பலவற்றில் யூதர் துரத்தப்பட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு, மலையாளக் கரையில் அவர்கள் பெற்ற மதிப்பு வியப்பளிக்கும்.

மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி தொழுகைக் கூடம் 1568-இல் கட்டப்பட்டது. சீன நாட்டிலிருந்து வந்த நீல நிற ஓவியக் கற்கள் அதன் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. கண்ணாடி விளக்குகள் மேலிருந்து தொங்குகின்றன. நம் கோயில்களிற்போலவே செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். அதன் மணிக்கூண்டில் எபிரேய எண்களும் ரோமானிய எண்களும் மலையாள எண்களும் வெவ்வேறு முகங்களில் உள்ளன. வழிபட வருவோர், வணிகர், ஊரார் ஆகிய மூவரும் தத்தம் எழுத்தில் ஒரே நேரத்தை அறிந்தனர் போலும். கேரளத்துத் தொழுகைக் கூடங்களுக்கே உரிய மற்றொரு சிறப்பு, மாடியிலும் ஓர் ஓதுமேடை இருப்பது. விழா நாட்களில் அங்கிருந்து மறை ஓதுவர். பெண்டிர் அமரும் இடம் அதனை அடுத்தே இருக்கும்.

கொச்சியர் பிறருக்கும் கற்பித்தனர் என்பது நம் நெஞ்சைத் தொட்ட செய்தி. கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் என்னும் யூதப் பிரிவினர் செக்காட்டி வாழ்ந்தனர். சனிக்கிழமையில் செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்றழைத்தனர். தம் இனத்தாரோடு தொடர்பற்று நெடுங்காலம் இருந்தமையால், எபிரேயமும் வழிபாட்டு முறைகளும் பெரும்பாலும் அவர்களிடமிருந்து மறைந்துவிட்டன. ஓய்வு நாளும், சில வழக்கங்களும், ஒரு சிறு மறைமொழியும் எஞ்சின. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கொச்சியிலிருந்து சென்ற ஆசிரியர்கள் அவர்கட்கு மீண்டும் ஓதக் கற்பித்தனர். 1796-இல் சாமுவேல் திவேகர் என்பார் பம்பாயில் அவர்களுடைய முதல் தொழுகைக் கூடத்தை எழுப்பினார். 1879-இல் தாணேயில் எழுந்த கூடத்தில் இன்றும் சபை கூடுகிறது. வீட்டு நிகழ்ச்சிகளில் அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்து, பழங்களோடு தட்டில் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைந்து 'மலீதா' படைப்பதும் அவர்கள் வழக்கம். அத்தட்டைக் கண்டால் நம் வீட்டுக் கிருஷ்ண ஜயந்தியின் நினைவு வராமற்போகாது.

கற்பித்த கொச்சியில் இன்று கூட்டம் இல்லை. கற்றுக்கொண்ட தாணேயில் இருக்கிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

யாரும் அவர்களைத் துரத்தவில்லை. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியது; தம் வழிபாட்டில் நாள்தோறும் நினைந்த மண்ணுக்குச் செல்ல விரும்பி, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மலபார் யூதருள் பெரும்பாலோர் ஊர் ஊராகப் புறப்பட்டனர். பரூரிலும் சேந்தமங்கலத்திலும் எர்ணாகுளத்திலும் இருந்த கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பரதேசியார் சற்றுப் பின்னர், சிறிது சிறிதாகச் சென்றனர். 1968-இல் மட்டாஞ்சேரிக் கூடத்தின் நானூறாவது ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். தபால் தலையும் வெளியாயிற்று. விழாவுக்குக் கூட்டம் இருந்தது. அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் பதின்மரைச் சேர்ப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாயிற்று. வெளிநாட்டுப் பயணிகளுள் யூதர் எவரேனும் உளரோ என்று எதிர்பார்த்து, அவர்களையும் சேர்த்து எண்ணி வழிபாடு நடத்தும் நிலை வந்தது. 2019-இல் சாரா கோகன் அம்மையாரும், 2024-இல் குவீனி ஹலேகுவா அம்மையாரும் மறைந்தனர். பரதேசிப் பிரிவில் ஒருவரே அங்கு எஞ்சினார் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இக்கதையில் நாம் மறைக்க விரும்பாத பக்கம் ஒன்று உண்டு. பரதேசியார் தம் கூடத்தில் அனைவரையும் சமமாக எண்ணவில்லை. மலபார் யூதரை அவர்கள் முழு உறுப்பினராக ஏற்றதில்லை. அடிமைநிலை நீங்கியவர் வழிவந்தோர்க்கு இருக்கை இல்லை. சுருளை ஓதும் உரிமையும் இல்லை. அவ்வழியில் தோன்றிய ஏ. பி. சேலம் என்னும் வழக்கறிஞர் (1882–1967) கொச்சிச் சட்டசபையிலும் இடம் பெற்றவர். அவர் காந்தியடிகள் காட்டிய நெறியில், தொழுகைக் கூடத்துக்குள்ளேயே அறப்போர் நிகழ்த்தி, அத்தடைகளைச் சிறிது சிறிதாகத் தகர்த்தார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். ஆளின்றித் தவித்த பிற்காலத்தில், வாயிற்படியில் அமர்த்தப்பட்ட அந்த முன்னோரை அங்கே எவரேனும் நினைத்துப் பார்த்திருப்பாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நம் சங்கத்தில் முன்வரிசை நாற்காலிகளில் அமர்வோர் யாவர்? பணி மாற்றத்தில் மூன்றாண்டுக்கு வந்து செல்லும் அலுவலர் குடும்பங்கள் முன்னே அமர்கின்றன. கப்பலில் மூட்டையோடு வந்து இங்கேயே வேரூன்றியவர்கள் பின்சுவரை ஒட்டி நிற்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டு, 2004 சுனாமியையும் கண்ட குடும்பங்களைச் சேர்ந்தோர் விழாவுக்கு வந்தால், 'அவர்கள் தமிழ் வேறு மாதிரி' என்று நம்மவர் சிலர் புன்னகைப்பதை நாமே கண்டிருக்கிறோம். அப்புன்னகையைக் கண்டும் வாளாவிருந்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். வகுப்புக்கு மூவர் மட்டுமே வந்ததற்கு மழையையும் பள்ளித் தேர்வையும் காரணம் கூறினோம். அழைப்புச் சீட்டு எத்தனை வீடுகளுக்குச் சென்றது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

கொச்சி யூதப் பெண்டிரைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பதின்மர் கணக்கில் அவர்கட்கு இடமில்லை. ஆயினும் திருமணத்திலும் திருவிழாவிலும் அவர்கள் ஆடவர் முன்னிலையிலேயே மலையாளத்தில் பாடினர். பாடல்களைக் கையேடுகளில் எழுதி, மகளிடமும் மருமகளிடமும் கொடுத்துச் சென்றனர். கடல் கடந்தபோது அக்கையேடுகளும் உடன் சென்றன. நெகேவ் பாலைப் பகுதியில் நெவாத்திம் என்னும் ஊரில் குடியேறியவர்கள் அங்கே கொச்சி முறைத் தொழுகைக் கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். ஸ்கரியா சகரியா, பார்பரா ஜான்சன் போன்ற அறிஞர்கள் பாடல்களைத் தேடியபோது, முதிய பெண்டிரின் பெட்டிகளிலிருந்து கையேடுகள் வெளிவந்தன. மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் கூடத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளன. கண்டு மகிழத்தக்கவைதாம், ஆனால் மூதாட்டியர் பலர் சேர்ந்து பாடும் பாட்டுத்தான் நமக்குப் பெரிதாகப்படுகிறது.

இனி நம் அறிவிப்புகள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வழக்கம்போல் காலை பத்து மணிக்கு நடைபெறும். மூவர் வந்தாலும் நடைபெறும். இனி மிட்டாய் கொடுத்து அனுப்புவதில்லை என்று ஆசிரியை கூறிவிட்டார். டெலானிப்பூர், ஹாடோ பகுதிகளிலிருந்து வரும் சிறுவரை அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஆட்டோ ஓட்டும் அன்பர் இருவர் முன்வந்துள்ளனர். வாடகை வேண்டாம் என்கிறார்கள். எரிபொருட் செலவையாவது சங்கம் ஏற்கும்.

மார்கழிப் பாவைப் பாடல்கள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தில் பாடப்படும். சுண்டலும் பொங்கலும் முறை வைத்துச் செய்வதற்கான பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் இன்னும் ஒன்பது நாட்கள் நிரம்பவில்லை.

தைத் திங்கள் முதல் ஞாயிறு மாலை மூன்று மணிக்குப் பாட்டிமார் கூட்டம். மாலை விரைவில் இருட்டிவிடுவதால் நேரத்தோடு வரவேண்டுகிறோம். கச்சாலிலிருந்து இங்கு வந்து வாழும் அம்மையார் நால்வர், தோட்டத்தில் பாடிய தாலாட்டுகளையும் கும்மிகளையும் பாட இசைந்துள்ளனர். வகுப்பில் எழுதப் படிக்கத் தேர்ந்த பிள்ளைகள் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வர். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு சங்கத்திலிருந்து தரப்படும். பேனாவைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும்.

அன்று நாற்காலி போடுவதில்லை. அனைவர்க்கும் பாய்தான். கூடத்தில் உள்ள பாய்கள் போதா என்பதால், வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவர இயன்றவர்கள் முன்னதாகத் தெரிவிக்கவும்.