நூலுக்கும் ஜாதி உண்டா?

பட்டுத் துணிக்குத் தீட்டில்லை என்பது நம் நாட்டில் வெகுகாலமாய் நடந்துவரும் ஒரு கொள்கையாகும். பருத்தித் துணியைத் தினந்தோறும் நனைத்து உலர்த்தினால்தான் மடி. பட்டானால் மாதக்கணக்கில் தண்ணீரைக் காணாவிட்டாலும் மடிதான். ஆனால் அந்தப் பட்டு எப்படி வருகிறதென்று பார்த்தால், மல்பெரி இலை தின்னும் ஒரு புழு தன் வாய்வழியே கக்கும் நூலே அது. கூட்டோடு புழுவைக் கொதிநீரிலோ ஆவியிலோ கொன்ற பிறகே அந்நூலை இழுக்கின்றார்கள். எச்சில் தீட்டு, உயிர்க்கொலை பாவம் என்று பேசுகின்றவர்களே இதை மடி என்கின்றார்கள். அப்படியானால் இந்தச் சுத்தம் எதைக்கொண்டு அளக்கப்பட்டது என்று கேட்கின்றோம்.

இதே பட்டு நூல்தான் ரண சிகிச்சையிலும் காயத்தைத் தைக்கவும் ரத்தக்குழாயைக் கட்டவும் வெகுகாலமாய்ப் பயன்பட்டு வருகிறது. கைக்கு இசைந்து கொடுக்கும், முடிச்சு நழுவாது. ஆனால் 1860-களுக்கு முன் ஐரோப்பிய டாக்டர்கள் அந்நூலால் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, நுனியைப் புண்ணுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். உள்ளே அழுகிச் சீழ் வந்த பிறகு அதை இழுத்தெடுப்பார்கள். சில சமயம் கட்டிய குழாயும் பிய்ந்து ரத்தம் பெருகி நோயாளி இறந்துபோவான். சீழ் வைப்பது நல்ல அடையாளமென்றே பெரிய பெரிய டாக்டர்களும் நம்பியிருந்தார்கள். ஆகவே மூடநம்பிக்கை என்பது நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அதை அவர்கள் எப்படி விட்டார்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டிய விஷயம்.

கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஜோசப் லிஸ்டர் என்பவர், பாஸ்டரின் கிருமி ஆராய்ச்சியைப் படித்து, புண் அழுகுவதற்குக் கிருமிகளே காரணமென்று கண்டு, கார்பாலிக் திராவகத்தால் சுத்தம் செய்யும் முறையை 1867-ல் வெளியிட்டார். அதில் நனைத்த பட்டு நூலை உடலுக்குள் விட்டு மூடினாலும் சீழ் பிடிக்கவில்லை. பிறகு உடலிலேயே கரைந்துபோகும் நூல் வேண்டுமென்று குடல் நூலை எடுத்துக்கொண்டார். இங்கிலீஷில் இதற்கு 'கேட்கட்', அதாவது பூனைக்குடல் என்று பேர். பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடு மாடுகளின் குடலிலிருந்து செய்வது. ஒரு கன்றின் கழுத்து ரத்தக்குழாயை இதனால் கட்டி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தபொழுது நூல் இருந்த இடத்தில் உயிருள்ள சதை வளர்ந்திருந்தது. இதை அவர் 1869-ல் வெளியிட்டார். ஆசாரக்காரர் கண்ணால் பார்க்கவும் கூசும் குடல், மருந்தில் நனைந்ததும் உயிரைக் காக்கும் நூலாகிவிட்டது.

அதனால் குடல் நூல் மேல்ஜாதியாகிவிட்டதா? அதுவுமில்லை. குடல் நூலால் புண்கள் கெடுவதைக் கண்ட சுவிட்சர்லாந்து டாக்டர் கோச்சர் 1880-களில் அதை விட்டுப் பட்டுக்கே திரும்பினார். பட்டும் எல்லா இடத்துக்கும் ஆகாது. அது பல இழை சேர்த்துப் பின்னிய நூலாதலால், கிருமி பிடித்த புண்ணில் இழைகளுக்கிடையே கிருமிகள் தங்கிவிடும். ரசாயன முறையில் செய்த கரையும் நூல் 1970-ல் விற்பனைக்கு வந்தது. மாடுகளுக்குக் கண்ட மூளை நோயின் பயத்தால் 2001-ல் பிரிட்டனில் குடல் நூலையே விலக்கிவிட்டார்கள். எந்த நூலையும் பரிசோதித்துத்தான் ஏற்றார்கள், பரிசோதித்துத்தான் தள்ளினார்கள்.

நிற்க. இதெல்லாம் நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறதென்று சிலர் சொல்லக்கூடும். சுசுருத சம்ஹிதையில் நாராலும் மயிராலும் காயத்தைத் தைப்பதும், கிழிந்த குடலைக் கட்டெறும்பைக் கடிக்கவிட்டுப் பொருத்துவதும் சொல்லப்பட்டிருப்பது உண்மையே. எழுதியவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் செய்தவர்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் மனுதர்மமோ வைத்தியன் கொடுக்கும் சோற்றை உண்ணலாகாது என்று விலக்கிவைக்கின்றது. ரத்தத்தையும் சீழையும் தொட்டவனை இப்படித் தள்ளிவைத்தால் அவ்வித்தை எங்ஙனம் வளரும்?

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதல்ல. பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியைக் கிடைத்த நூலால் கட்டி, கிடைத்த கத்தியால் அறுத்து, 'சுத்தமான' பசுஞ்சாணத்தை அப்பும் வழக்கம் இந்நாட்டின் பல பாகங்களில் இருந்தது. சாணத்திலும் மண்ணிலும் 'டெட்டனஸ்' கிருமியின் வித்துக்கள் உண்டு. ஒரு வாரத்தில் வலிப்புக் கண்டு குழந்தை இறந்தால், பேய் என்றும் தலைவிதி என்றும் சொல்லி அழுதார்கள். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, கழுவிய கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் இவைகளால் அந்நோய் ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைந்து, 2015-ல் இந்தியா அதை ஒழித்த நாடாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மந்திரமும் மடியும் காப்பாற்றாத குழந்தைகளைக் கொதிநீரும் சோப்பும் ஊசியும் காப்பாற்றின.

ஆபரேஷன் மேஜையின் மேல் படுத்திருக்கும்போது, தன்னைத் தைக்கும் நூல் எந்த வயிற்றில் பிறந்தது, தைக்கும் கை எந்த ஜாதிக் கை என்று எந்த வைதீகரும் கேட்பதில்லை. கிருமி போக்கப்பட்டதா என்பது ஒன்றே அங்கே கேள்வி. தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அதே மனிதர் பக்கத்து வீட்டுக்காரன் தொட்டால் தீட்டென்பாரானால், அவர் உயிர் பிழைத்தாரே தவிர அறிவு பெறவில்லை என்றுதான் சொல்லுவோம். நூலுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை மனிதனுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே நமது கோரிக்கை.