120 மணி நேரத் தொண்டும் ஒரு கிரெடிட்டும்

இன்றைய கல்லூரி மாணவர்கள் வாசிப்பதில்லை, அவர்களுக்குச் சமூக அக்கறை கிடையாது, கைப்பேசியைத் தாண்டி அவர்களுக்கு உலகமே இல்லை. சிற்றிதழ்ச் சூழலில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் தேநீர் வருவதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. சொல்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ, இருபது வருடங்களாக ஒரே தொகுப்பின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருப்பவராகவோ இருப்பார். கூட்டம் தலையசைக்கும். கடைசி வரிசையில் தப்பித் தவறி வந்து அமர்ந்திருக்கும் இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த கூட்டத்திற்கு அவர்கள் வருவதில்லை; அதுவும் அந்தத் தீர்ப்புக்கான சான்றாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதிடவே இதை எழுதுகிறோம். மாணவரிடம் குறைந்து போயிருப்பது ஆர்வம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அவரிடம் இல்லாதது யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத நேரம். அந்த நேரத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் யார், அதை எந்த நல்ல பெயரால் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பேசாமல் வாசிப்பின் வீழ்ச்சி பற்றிப் புலம்புவது வீண்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4 மட்டுமே. இதன் பொருள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இன்று வகுப்பறையில் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதே. பேராசிரியர் நினைவில் வைத்திருக்கும் மாணவர் வேறு ஒருவர். அப்பாவின் மணியார்டரில் விடுதியில் தங்கி, மாலையில் ஆற்றங்கரையில் ருஷ்ய நாவல் பேசியவர். அவருக்கு எங்கள் வணக்கம். ஆனால் அவரை அளவுகோலாக வைத்து இன்றைய அரசுக் கலைக் கல்லூரியின் இரண்டாம் ஷிஃப்ட் மாணவரை அளப்பதில் நியாயம் இல்லை.

அந்த இரண்டாம் ஷிஃப்ட் மாணவரின் ஒரு நாளைப் பார்ப்போம். காலை வேலைக்கென்று ஒதுங்கிவிடுகிறது: ஜவுளிக்கடையோ, செல்போன் கடையோ, கூரியரோ. பகல் உணவை அள்ளிப் போட்டுக்கொண்டு இலவசப் பயண அட்டையோடு பேருந்தைப் பிடித்துப் பிற்பகல் வகுப்புக்கு வருகிறார். மாலையில் வகுப்பு முடியும்போது நூலகர் சாவிக்கொத்தோடு நிற்கிறார். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலை. சட்டை மேல் மெரூன் கோட்டு மாட்டிக்கொண்டு இலைக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நிற்கும் இளைஞர்களில் எத்தனை பேர் பி.எஸ்ஸி. படிக்கிறார்கள் என்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் நாம் கேட்பதில்லை. எஞ்சிய நேரத்தில் படிப்பு. படிப்பு என்றால் என்ன? பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 25 இன்டர்னல். அதற்குத் தொடர் தேர்வுகள், அசைன்மெண்ட், செமினார். அறிவியல் மாணவருக்குக் கூடுதலாக ரெக்கார்டு நோட்டு. கடந்த ஆண்டு மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து, அதே படத்தை அதே பென்சிலால், அதே பிழையோடு வரைந்து கையொப்பம் வாங்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் காண்டனேஷன் கட்டணம். இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. இடையில் ஒரு அரியர் விழுந்துவிட்டால் அடுத்த பருவத்தின் கழுத்தில் அது தொங்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் தன் பேருந்துப் பயணத்தில் கைப்பேசியில் ஒரு சிறுகதையைப் படிக்கிறார் என்றால் அதை வாசிப்பென்று நாம் எண்ணுவதில்லை. கையில் புத்தகம் இல்லையே!

சரி, பொழுதுபோக்கு? ஒரு காலத்தில் அது கல்லூரிக்கு வெளியே இருந்தது; அதனாலேயே உயிரோடு இருந்தது. யாரும் கேட்காமல் கவிதை எழுதினார்கள், யாரும் கேட்டுவிடக் கூடாதென்று ஒளித்து வைத்தார்கள். இன்று கவிதைக்கும் சான்றிதழ் உண்டு. 2020இன் பொதுமுடக்கக் காலத்தில் இந்த நோய் முற்றியதை நாமெல்லாம் பார்த்தோம். எந்தத் தலைவர் பிறந்தநாளானாலும் ஓர் இணையவழி வினாடி வினா; நாற்பது சதவீதம் எடுத்தால் மின்னஞ்சலில் வண்ணச் சான்றிதழ். தவறான விடை போட்டால் மறுபடியும் போடலாம். சங்க இலக்கியக் கருத்தரங்கில் ஒலியை அணைத்துவிட்டு இருநூறு பேர் இருந்தார்கள். முடிவில் பின்னூட்டப் படிவத்தின் இணைப்பு எப்போது வரும் என்பது ஒன்றே அவர்களின் கேள்வி. மாணவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சான்றிதழ் இருந்தால்தான் தரமதிப்பீட்டுக் கோப்பு நிரம்பும் என்று துறைக்கு நெருக்கடி; துறையிலிருந்து அது வகுப்புக்கு இறங்கியது.

இவற்றுள் எங்களுக்கு மிகவும் வலிப்பது தொண்டின் கதை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அப்போது மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தவர் வி.கே.ஆர்.வி. ராவ். ஆனால் அதற்கு முந்தைய இருபது வருட விவாதமே இன்று நமக்கு முக்கியமானது. 1950இல் மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு, மாணவர்கள் சிறிது நேரத்தை உடலுழைப்புக்குத் தர வேண்டும், அது தாமாக முன்வந்து செய்வதாக இருக்க வேண்டும், ஆசிரியர்களும் அவர்களோடு சேர வேண்டும் என்றது. (ஆசிரியர்களும் என்ற சொல் காலப்போக்கில் எங்கோ உதிர்ந்துவிட்டது.) 1959இல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு நேரெதிராக, பள்ளி முடித்துக் கல்லூரிக்குச் செல்வோருக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாயத் தொண்டு வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறைச் சிக்கலையும் காட்டி அது கைவிடப்பட்டது. பிறகு கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் தொண்டு முறைகளை ஆராய்ந்தார், கோத்தாரி ஆணையம் தன் பங்குக்குப் பேசியது, இறுதியில் விருப்பமுள்ளவர் சேரலாம் என்ற அடிப்படையில் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். முழக்கம்: எனக்காக அல்ல, உனக்காக.

ஆக, கட்டாயமா விருப்பமா என்ற கேள்வியை இந்த நாடு யோசிக்காமல் விட்டுவிடவில்லை. யோசித்தே விருப்பம் என்ற பக்கம் நின்றது. அந்த முடிவை யாரும் அறிவித்து மாற்றவில்லை. கிரெடிட் முறை வந்தபோது பின்வாசல் வழியாக அது மாறிப்போனது. நமது கலை அறிவியல் பாடத்திட்டங்களில் ஐந்தாம் பகுதி என்று ஒன்று உண்டு. அதன் பெயர் விரிவாக்கப் பணி. பட்டத்துக்கு வேண்டிய 140 கிரெடிட்டில் அதற்கு ஒன்று. நாட்டு நலப்பணி, தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். எனக்காக அல்ல என்று பாடிக்கொண்டே எனக்கொரு கிரெடிட் என்று வரிசையில் நிற்க வைத்துவிட்டோம்.

இப்போது முகாம் எப்படி நடக்கிறதென்று பாருங்கள். பேருந்து கிராமத்தில் நிற்கிறது. முதலில் இறங்குவது பேனர். பிறகு ஊராட்சித் தலைவருக்குப் பொன்னாடை. பிறகு துடைப்பத்தோடு ஒரு படம், மரக்கன்றோடு ஒரு படம். படத்தின் அடியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நேரமும் விழும்படியான செயலி ஒன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. நாக் தரமதிப்பீட்டுக்குத் தரும் ஆவணங்களில் இந்த ஜியோடேக் படங்கள் சேர்க்கப்படுகின்றன. தொண்டு நடந்த இடத்தைப் பாகை, கலை, விகலை வரை துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த மரக்கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றியது யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. மாணவர்கள் முட்டாள்கள் அல்லர். இது நாடகம் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். ஓ.டி. கிடைக்கிறது, வருகைப் பதிவு போகாது, நண்பர்களோடு ஏழு நாள் என்று அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். சமூக அக்கறை என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் உதட்டோரம் வரும் சிரிப்பு அங்கே கற்ற பாடம்.

எல்லா முகாம்களும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையான திட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள். கைக்காசு போட்டு முகாம் நடத்துபவர்களும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமியின் போதும், 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் மாணவர்கள் வந்து நின்றார்கள். ஆனால் வெள்ளத்தில் உணவுப் பொட்டலம் சுமந்தவர்களிடம் அன்று யாரும் வருகைப் பேரேட்டை நீட்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

கணக்கில் வராத தொண்டு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது. ஸ்கிரைப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நமது கலைக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் பலர். தேர்வுக் காலத்தில் எழுத ஆள் தேடி அவர்கள் படும் பாடு பெரிது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், தேர்வர் தாமே ஒருவரை அழைத்து வந்தால் அவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உடையவராக இருக்க வேண்டும் என்றும், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் கூறின. அதாவது முதுகலைத் தமிழ்த் தேர்வுக்கு இளங்கலையில் வணிகவியல் படிக்கும் ஒருவர் வந்து உட்காரலாம். நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியை நிறுத்தி வாசிக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது, அவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். அவர் சொல்வது தவறென்று தோன்றினாலும் பேனா தயங்கக் கூடாது. பாட்டை மேற்கோள் காட்டும்போது வல்லின றகரமா இடையின ரகரமா, எந்த ளகரம் என்று மெல்லக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பத்தாம் வகுப்போடு தமிழ் இலக்கணத்தைத் தொலைத்துவிட்ட ஒரு வணிகவியல் மாணவர், கண்காணிப்பாளர் முறைக்கும் தனி அறையில், இன்னொருவர் வாயிலிருந்து சிலப்பதிகாரத்தை முதன்முறையாக முழுதாகக் கேட்கிறார். வெளியே வரும்போது, ஐயா, அந்தக் கதையில் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவரை எங்களுக்குத் தெரியும். இதைத்தானே நாம் இலக்கியம் பரவுவது என்கிறோம்? இதே மாணவர்கள் பாடநூல்களையும் நாவல்களையும் கைப்பேசியில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். கேட்டரிங் முடிந்து வந்த இரவில், நாய் குரைக்காத நேரம் பார்த்து. அவர்கள் வாசிப்பதில்லை என்று நாம் மேடையில் பேசுகிறோம்.

இந்த மரபு தமிழுக்குப் புதிதும் அன்று. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்து தந்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர். மேடையில் மேற்கோள் காட்டும் நம் அறிஞர்களில் பலர் இன்று மூலத்தைத் தேடுவது அந்தப் பெயர் தெரியாதவர்களின் உழைப்பில்தான்.

மதிப்பெண் இல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று கல்லூரித் தரப்பிலிருந்து வாதிடுவார்கள். வரட்டும், பத்துப் பேர் வரட்டும். பேனருக்குப் பின்னால் நிற்கும் நூறு பேரைவிட அந்தப் பத்துப் பேர் அந்தக் கிராமத்துக்கு உதவுவார்கள். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது: முதல் தலைமுறை மாணவருக்குச் சிபாரிசு செய்ய மாமா இல்லை, சான்றிதழ்தானே அவருக்கிருக்கும் ஒரே சிபாரிசு? இதை நாங்கள் மறுக்கவில்லை. செய்தவருக்குச் செய்ததற்கான தாளைக் கொடுங்கள், அதில் நமக்கு வழக்கில்லை. செய்யாதவரையும் தாளுக்காக வரிசையில் நிறுத்துவதால் உண்மையில் செய்தவரின் தாள் மதிப்பிழந்து போகிறது. எல்லோர் கோப்பிலும் நாற்பது சான்றிதழ் இருக்கும்போது நேர்முகத் தேர்வாளர் அதைப் புரட்டுவதில்லை.

எனவே கல்லூரிகளிடம் எங்கள் கோரிக்கை சிறியது. அந்த ஐந்தாம் பகுதிக் கிரெடிட்டை எடுத்துவிடுங்கள். ஸ்கிரைபாகச் செல்லும் நாளுக்கு ஓ.டி. கொடுங்கள், பல இடங்களில் அவர் தன் வகுப்பை இழந்துதான் போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் நூலகத்தைத் திறந்து வையுங்கள், கையெழுத்து வாங்காமல்.

இலக்கிய நண்பர்களிடமும் ஒன்று. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியவர். பின்னர் புத்தகப் பைகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மாணவர் தன்னைத் தேடி வரவில்லை என்று அவர் சலித்துக்கொண்டு உட்காரவில்லை. நம் கூட்டங்களோ சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நகரத்தின் நடுவில் குளிரூட்டப்பட்ட அரங்கில் நடக்கின்றன. அது முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால் நாம் எதிர்பார்க்கும் அந்த இளம் வாசகர் அடுத்த தெரு மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். கூட்டத்தை ஒரு திங்கட்கிழமை காலையில், அவருடைய கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்துப் பார்ப்போமே.