தனியராய் வாழ்வோரும் உயில் சாசனமும்

விவாகம் செய்துகொள்ளாத அங்கத்தினர்களிடம் உயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், "பெண்டா, பிள்ளையா? எனக்கு எதற்கு அது?" என்று சிரித்துவிடுகிறார்கள். பெண்டு பிள்ளை உள்ளவர் எழுதாமற் போனாலும் சட்டம் அவர்களைக் கைவிடாது. தனியராய் வாழ்பவருக்கே எழுத்து இன்றியமையாதது என்பது நமது கருத்து.

சங்கமொன்றில் நாம் கண்டதைச் சொல்லுவோம். விவாகமாகாத முதிய நெசவாளர் ஒருவர் காலமானார். கடைசிப் பத்தாண்டுகள் அவரைத் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர், காலஞ்சென்ற சகோதரியின் மகன். கண் மங்கிய மாமனுக்கு அறுந்த இழைகளைப் பிணைத்துக் கொடுத்தவரும் அவரே. பெரியவரோ, வாலிபத்தில் சங்கத்தில் சேர்ந்தபொழுது நியமனப் படிவத்தில் தாயாரின் பெயரை எழுதியவர், தாயார் மறைந்த பின்னும் அதை மாற்றவில்லை, உயிலும் எழுதவில்லை. பங்குத் தொகை, சேமிப்பு, வீடு, தறி யாவும், ஒருநாளும் எட்டிப்பாராத வெளியூர்த் தமையனுக்கே உரியவாயின.

இதில் சட்டத்தின் பிழை ஏதுமில்லை. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி மக்கள் இல்லாத ஆணின் சொத்து தாய்க்கும், தாய் இல்லையேல் தந்தைக்கும், அவரும் இல்லையேல் உடன்பிறந்தோருக்கும் செல்லும். உடன்பிறந்தவர் ஒருவர் உயிரோடிருப்பினும், மறைந்த சகோதரியின் மகனுக்குப் பங்கில்லை. விவாகமாகாத பெண்ணின் சொத்து பொதுவாகத் தாய் தந்தையர்க்கும், பின்னர் தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். முறைப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கும், உற்ற தோழருக்கும் எந்த வரிசையிலும் இடமில்லை. சட்டம் இரத்த உறவை அறியும். கஞ்சி ஊற்றிய கையை அறியாது.

நியமனம் மட்டும் போதுமா? போதாது. நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தக்கவர். அதன் சொந்தக்காரர் யார் என்பதை உயிலும் வாரிசுச் சட்டமுமே பொதுவாகத் தீர்மானிக்கும். ஆகவே இரண்டும் வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். தெளிந்த மனத்தோடு எழுதி, இரு சாட்சிகள் காணக் கையொப்பமிட வேண்டும். அவர்களும் எழுதியவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியாகாதிருப்பது நலம். பதிவு கட்டாயமன்று, செய்துவைத்தால் வழக்குக் குறையும். உயிருள்ளவரை மாற்றியெழுதலாம், கடைசி உயிலே செல்லும். நிலத்தின் சர்வே எண்ணையும், பயிர்க்கடன் பாக்கியையும் குறிப்பிடுங்கள். கடன் தீர்ந்த பின்னரே சொத்து கைமாறும். தறி உங்களுடையதாயினும், அதில் ஏறியுள்ள பாவு சங்கத்தினுடையதாயின் அதை உயிலில் சேர்க்க வேண்டா. முஸ்லிம் அன்பர்கள் மூன்றிலொரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் தேவை.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நியமனப் பதிவேட்டைப் பார்வையிடும்போதெல்லாம், பெயர் நிரப்பப்பட்டுள்ளதா என்றே நாம் பார்த்து வந்தோம்; அப்பெயருக்குரியவர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டோமில்லை. அக்குறை நம்முடையதுமாகும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் அதைக் கேட்டறிந்து திருத்துவதை வழக்கமாகக் கொள்ள வேண்டும். உழைத்துச் சேர்த்த பொருள், நாம் விரும்பியவர் கையைச் சேர்வதற்கு ஒரு தாளும் இரு சாட்சிகளுமே செலவு.