கிடார் வச்சாத்தான் பாட்டுக்காரனா?

நேத்து சாயந்திரம் கே.கே. நகர் ஆர்ச் பக்கம் டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தப்ப, கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் திருவாய் மலர்ந்தார். "சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, சினிமாவை நம்பாம பாடுறவங்க தமிழ்ல இப்பத்தான் பாஸ் வர ஆரம்பிச்சிருக்காங்க. அக்கூஸ்டிக், ஃபோக், இன்டிபென்டன்ட்..." எனக்கு வடை தொண்டையில மாட்டிக்கிச்சு.

அய்யா சாமி, இங்கேருந்து வண்டியை எடுத்தா கொஞ்ச நேரத்துல பரவை. அந்த ஊர் முனியம்மா ஊர் ஊரா மேடையேறிப் பாடினவர். 2003-ல் 'தூள்' வந்தப்புறம்தான் நம்மள்ல பல பேருக்கு அவரைத் 'தெரிய' வந்துச்சு. அதுக்கு முந்திப் பாடினதெல்லாம் என்ன, ரிகர்சலா? உடம்பு முடியாமப் போனப்ப, 2015-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதா அவர் பேரில் 6 லட்சம் ரூபாய் வைப்புநிதி போடச் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனா பாடின பாட்டு சோறு போட்டிருந்தா அதுக்கு ஏன் அவசியம் வரப்போகுது? 2020 மார்ச் 29, ஊரடங்குக்கு நடுவுல போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பக்கம் இளையான்குடிக்குப் பக்கத்துல மாரந்தை. அங்கே பிறந்த கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோட தெருத்தெருவா பாடினவர், புதுச்சேரி பல்கலைக்கழகத்துல பேராசிரியர், 2005-ல் வந்த 'வடு' அவர் எழுதினது. இன்குலாபோட 'மனுசங்கடா' பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோன குரல் அவரோடது. 2016-ல் இறந்தார். அந்தப் பாட்டை ரொம்ப நாளா யாரோ வயக்காட்டுல பாடினதுன்னு நினைச்சிருந்தவன் நான் (வெட்கமாத்தான் இருக்கு).

என் கடுப்பே இங்கதான். கிடார் பசங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா பாப் டிலன் பழைய கறுப்பின அடிமைகளோட பாட்டு மெட்டை எடுத்து தன் பாட்டைக் கட்டினா, அது டிலன் பாட்டு. 2016-ல் நோபலே கொடுத்தாச்சு. அதையே நம்ம ஊர் அம்மா செஞ்சா? 'நாட்டுப்புறப் பாடல்'. எழுதினது யாருமில்லை, உரிமை யாருக்குமில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, சினிமாவுக்கு எழுதினவங்க ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாதுன்னு போட்டாங்க. ஆசிரியர்னு ஒரு பேர் இருந்தாத்தானே அந்தப் பங்கு வரும்? 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்து உலகமே ஆடுச்சு. அடுத்த வருசமே யாரு பாட்டுன்னு பஞ்சாயத்து. அறிவு மாதிரி பேர் தெரிஞ்ச ஆளுக்கே அந்தக் கதின்னா கரகாட்டக் குழுவுல பாட்டுக் கட்டுறவருக்கு என்ன நடக்கும்?

நாங்க ஓசியில இறக்கிப் போடுற ஓப்பன் சோர்ஸ் நிரல்லகூட எழுதினவன் பேரை அழிக்கக்கூடாதுன்னு லைசென்ஸ்ல ஒரு வரி இருக்கும். நாட்டுப்புறப் பாட்டுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது.

இவ்வளவையும் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். நண்பர் அமைதியா கேட்டார்: "இவங்கல்லாம் ஸ்பாட்டிஃபைல இருக்காங்களா பாஸ்?"

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.