'ஸ்வீட்டெஸ்ட்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் இனிமையைக் குறிக்கும் 'ஸ்வீட்' என்னும் பண்புச்சொல், ஒன்றனின் மிக்கதாயின் 'ஸ்வீட்டர்' என்றும், எல்லாவற்றினும் மிக்கதாயின் 'ஸ்வீட்டெஸ்ட்' என்றும் வழங்குதலை யாவரும் அறிவர். நம் தமிழன்பர் சிலர், 'நமது சுவையே அவர்க்கு ஸ்வீட் ஆயிற்று' என மகிழ்ந்து கூறுவர். யாமும் கல்லூரியிற் புகுந்த புதிதில் அங்ஙனமே நம்பி, விடுதி நண்பரொடு வழக்கிட்டதுண்டு. இன்று அதனை மறுத்தெழுத நாணுகின்றிலேம்.

சுவை ஆறு, கைப்பும் புளிப்பும் சுவையே. ஸ்வீட் என்பதோ அவற்றுள் ஒன்றனையே சுட்டும். இனி ஒலியை நோக்குவோமாயின், சொல்லின் தலை ஒத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. இறுதியில் நிற்கும் டகரத்திற்கும் விடை கூறல் வேண்டும். வடமொழியில் 'ஸ்வாது' என்பது இனியது எனப் பொருள்படும். ஆங்குத் தகரம் நிற்குமிடத்து ஆங்கிலத்தில் டகரம் நிற்றல் இவ்வொரு சொல்லில் மட்டும் அன்று. பத்தினைக் குறிக்கும் 'தச' என்பதற்கு 'டென்'. பல்லினைக் குறிக்கும் 'தந்த' என்பதற்கு 'டூத்'. ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் இவ்வொலி மாற்றங்களை முறைப்படுத்திக் காட்டினார். வடமொழியினின்று ஆங்கிலம் பிறந்தது என்பதன்று இதன் கருத்து. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன மறைந்துபோன ஒரு மூலமொழியின் வழிவந்தனவாகலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் உரைத்தார். ஆங்கிலமும் அக்குடும்பத்ததே.

பகுதியினும் வியப்புடையது விகுதி. ஆங்கில 'எஸ்ட்', வடமொழி 'இஷ்ட', கிரேக்க 'இஸ்டோஸ்' மூன்றும் ஒரே விகுதியின் வேறுபாடுகள். ஆகவே ஸ்வீட்டெஸ்ட், ஸ்வாதிஷ்ட, ஹேடிஸ்டோஸ் என்னும் மூன்றும் தலைமுதல் வால்வரை உடன்பிறந்தனவாம். (கிரேக்கச் சொல்லின் தலையில் இருந்த 'ஸ்வ' ஒலி ஹகரமாய்த் தேய்ந்தது.) ருக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் சோமத்தைப் பாடப் புகுந்து, ஸ்வாதிஷ்ட என்பதன் ஓர் உருபையே முதற்சொல்லாகக் கொண்டுள்ளது. நம் முன்னோர் எடுத்தாண்ட சிரேஷ்டர், கனிஷ்டர் என்பனவும் இவ்விகுதி பெற்றனவே. வசிஷ்ட முனிவர் திருப்பெயரின் ஈறும், ஆங்கிலச் சிறுவன் மாம்பழத்தைக் கடித்துக் கூவும் சொல்லின் ஈறும் ஒன்றெனின் நகைப்பார் உளர். நகைக்கட்டும், உண்மை அதுவே.

இத்தகைய விகுதி தமிழில் இல்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் ஒப்புமையை விகுதியாலன்றித் தொடரமைப்பாலேயே உணர்த்தும் என்று எழுதினார். இதனைத் தமிழின் வறுமை என்பார் ஒருசாரார். அவ்வறுமையை மறைப்பார்போலச் சுவையை ஸ்வீட்டுக்குத் தாயாக்குவார் மற்றொருசாரார். இருவரொடும் யாம் உடன்படேம். தமிழுக்கு ஐந்தாம் வேற்றுமை உண்டு. 'தேனினும் இனிது', 'கனி எவற்றினும் இனிது' என்னுங்கால், எதனொடு ஒப்பிட்டோம் என்பதை நாம் சொல்லியே ஆகவேண்டும். ஆங்கிலத்தானோ எவற்றுள் என்று கூறாமலே 'ஸ்வீட்டெஸ்ட்' என்று சொல்லிப் போய்விடுவான். எஞ்சியதைக் கேட்பவன் ஊகித்துக்கொள்ளவேண்டும்.