பட்டா இல்லாத கால்கள்

பாலாறு செத்துப்போச்சு, மண்ணு செத்துப்போச்சு என்று மேடைபோட்டு அழுகிறவர்களிடம் எனக்கொரு கேள்வி. செத்த மண் யாருடையது என்று கேட்டு நஷ்டஈட்டுக்கு வழிசெய்தீர்கள். அந்த மண்ணில் இறங்கி நின்ற கால் யாருடையது என்று ஏன் கேட்கவில்லை?

எங்க ஊரு வாணியம்பாடிக்குப் பக்கம். எங்கம்மா நாத்து நட்ட கழனியில ஒரு சென்ட்டுகூட எங்களது இல்ல. டேனரித் தண்ணி கலந்த கழனியில எறங்கினா முழங்கால் வரைக்கும் அரிக்கும். ராத்திரியில எண்ணெயைத் தடவிக்கிட்டுக் குந்தியிருக்கும். அப்புறம் உப்புப் பூத்து, பயிரே ஏறாமப் போச்சு. ஆண்டைக்குக் கழனி போச்சு, எங்கம்மாவுக்குக் கூலி போச்சு. கணக்கெடுக்க வந்தவங்க பட்டா கேட்டாங்க. 'இந்தா, காலைப் பாரு'ன்னு நீட்டுச்சு. எழுதிக்கல.

ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு குரோமிய உப்பு வந்தது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பிலுள்ள சோடியம் மண்ணை இறுக்குகிறது. தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுவிடாது. குரோமியம் மக்காது, மண்ணிலேயே தங்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரையும், புற்றுநோய் தரும்.

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும் 'நஷ்டஈடு கொடுங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம். அதற்குள், 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து 10 பேர் செத்தார்கள். வேலைசெய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளிகள். அவர்களுக்கும் அங்கே ஒரு பிடி மண் சொந்தமில்லை.

'டேனரியை மூடினா உங்காளுங்க சோறுதான் போகும்' என்கிறார்கள். எங்க ஆட்களே சிலர் இதைத் திருப்பிச் சொல்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில எறங்கினவனும் நாங்கதான். அந்தத் தண்ணி பாஞ்ச கழனியில களையெடுத்தவளும் நாங்கதான். வேலையா, மண்ணா என்று எங்களைக் கேட்காதே. லாபத்தை எடுத்தவன் கழிவையும் எடுக்கட்டும்.

தோழர்களே, 'தாய்மண்' என்று பாடுவதை நிறுத்துங்கள். அந்தத் தாய் எங்களை வரப்பிலேயே நிறுத்திவைத்தாள். நஷ்டஈட்டைப் பட்டாவைப் பார்த்துக் கொடுக்காதே. இழந்த கூலியைப் பார்த்து, புண்ணான காலைப் பார்த்துக் கொடு. பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிற நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: நிலத்தைத் திருப்பித் தரும்போது மண்ணாகத் தா, உப்பாகத் தராதே.

நாங்க தொட்டால் தீட்டு என்றான். ஆத்தையும் கிணத்தையும் மண்ணையும் தீட்டாக்கினவன் யாரு? அவனை முதலில் கழுவச் சொல்.